8 பேர், அதில் 3 பிள்ளைகள்: கப்பலில் எத்தனை கேபின், எந்த கேபின்?

மஞ்சக்குப்பம் | ஜனவரி 6, காலை

மே லீவில் சிங்கப்பூரிலிருந்து 4 ராத்திரி குரூஸ் போவதாகப் பேச்சு. மொத்தம் 8 பேர். நாங்கள் ரெண்டு பேர், கொழுந்தனார், ஓர்ப்படி, மாமியார் (74 வயது, முட்டி வலி), பிள்ளைகள் 11, 8, 4 வயது. பெரியவளும் சின்னவனும் எங்கள் பிள்ளைகள், 8 வயதுக்காரன் ஓர்ப்படி பையன். ஏஜென்ட் “நாலு நாலு பேராக ரெண்டு உள் கேபின் போதும், ராத்திரி தூங்கத்தானே” என்கிறார். உள் கேபின் என்றால் ஜன்னல் இல்லாதது. வீட்டுக்காரருக்கு எல்லாரும் ஒரே பெரிய சூட்டில் (பல அறை சேர்ந்த சொகுசு கேபின்) இருக்கவேண்டும். கொழுந்தனாரோ பால்கனி இல்லாவிட்டால் நான் சில்வர் பீச்சிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். யார் சொல்வது சரி?

நெல்லித்தோப்பு | ஜனவரி 6, மதியம்

மூன்று பேர் சொல்வதும் வேண்டாம். 3 சாதாரண கேபின், பக்கத்துப் பக்கத்தில் எடுங்கள்.

முதலில் கட்டணக் கணக்கு. கப்பலில் ரூமுக்கு வாடகை கிடையாது, ஆளுக்குத்தான். ஒவ்வொரு கேபினிலும் முதல் ரெண்டு பேருக்கு முழுக் கட்டணம், 3ஆவது, 4ஆவது ஆளுக்குக் குறைவு. பிள்ளை என்பதற்காகக் குறைப்பதில்லை, அந்த அறையில் 3ஆவது ஆள் என்பதற்காகக் குறைப்பார்கள். 11 வயதுப் பெண் ஒரு கேபினில் ரெண்டாவது ஆளாக இருந்தால் அவளுக்கும் முழுக் கட்டணம்தான்.

கணக்குக்காக மட்டும் முழுக் கட்டணம் 40,000, மூன்றாவது ஆளுக்கு 20,000 என்று வையுங்கள்.
4+4: 4 பேர் முழு, 4 பேர் குறைவு. 2,40,000.
3+3+2: 6 பேர் முழு, 2 பேர் குறைவு. 2,80,000.
2+2+2+2: 3,20,000.

துறைமுக வரியும் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்று வருவதால் கேபின் எண்ணிக்கையால் மாறாது. ஆக மூன்றாவது கேபினுக்கு நீங்கள் கொடுப்பது 40,000. அந்தப் பணத்துக்கு இன்னொரு கதவு, இன்னொரு அலமாரி, முக்கியமாக இன்னொரு பாத்ரூம். ஒருவரைத் தனியாக ஒரு கேபினில் போட்டால் ரெண்டு பேர் பணம் கேட்பார்கள், அதனால் 4+3+1 என்று யோசிக்கவே வேண்டாம்.

முதுநகர் | ஜனவரி 6, இரவு

நாலு பேர் உள் கேபின் எப்படி இருக்கும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கமாட்டார். 150 முதல் 180 சதுர அடி, அதுவும் பாத்ரூம் சேர்த்து. நடுவில் ரெண்டு ஒற்றைக் கட்டில், சேர்த்தால் இரட்டைக் கட்டில். 3ஆவது, 4ஆவது ஆளுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்கும் பங்க், அல்லது விரித்தால் கட்டிலாகும் சோபா.

பங்க் ராத்திரி இறங்கும், காலையில் அறையைக் கவனிக்கும் ஊழியர், அதாவது கேபின் ஸ்டூவர்ட், மேலே ஏற்றிவிடுவார். இறங்கியிருக்கும்போது கீழ்க்கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். ஏணியைச் சார்த்தியதும் பாத்ரூம் போகும் வழி அடைபடும். சோபாவை விரித்தால் மேஜைப் பக்கம் நிற்க இடமிருக்காது. பிள்ளைகள் மதியம் தூங்குவார்கள் என்றால் பங்கை மடக்கவேண்டாம் என்று முதல் நாளே ஸ்டூவர்டிடம் சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் தினமும் மடக்குவார், அது அவர் வேலை.

4 வயதுக் குழந்தையை மேல் பங்கில் ஏற்றாதீர்கள். 8 வயதுக்காரன் ஏறலாம், ஏறாமல் விடவும் மாட்டான். கப்பல் ஆடும் ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு ஏணியில் இறங்குவதில்தான் ஆபத்து.

மஞ்சக்குப்பம் | ஜனவரி 7

ஏஜென்டிடம் கேட்டேன். 4 பேர் கேபின் இப்போதே காலியில்லையாம், 3 பேருக்கு இருக்கிறதாம். நாலு கட்டில் உள்ள அறை மூன்று பேருக்கு மட்டும் எப்படிக் காலியாக இருக்கும்? ஏமாற்றுகிறாரா?

முதுநகர் | ஜனவரி 7

ஏமாற்றவில்லை. லைஃப்போட் கணக்கு அது. கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்தில் கூடும் இடம், ஏறவேண்டிய லைஃப்போட் எல்லாம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் படகுகளில் எத்தனை பேருக்கு இடமோ அத்தனை பேரைத்தான் அந்தப் பகுதியில் ஏற்பார்கள். பள்ளிக்கூட லீவில் எல்லாரும் பிள்ளைகளோடு வந்து 3, 4 என்று நிரப்புவதால் அறை காலியாக இருக்கும்போதே தலைக்கணக்கு முட்டிவிடும். கைக்குழந்தையும் ஒரு தலைதான். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்ற பேச்சு பஸ்ஸில் செல்லும், கப்பலில் செல்லாது.

குடும்பமாகப் போகிறவர்கள் முன்கூட்டி புக் செய்யவேண்டும் என்பதற்கு விலையைவிட இதுதான் காரணம்.

வைசியாள் வீதி | ஜனவரி 8

பக்கத்துப் பக்கத்தில் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மூன்று விதம் இருக்கிறது.

ஒன்று, கனெக்டிங் கேபின். ரெண்டு அறைக்கும் நடுவில் உள்ளே ஒரு கதவு. டெக் பிளானில் (ஒவ்வொரு டெக்கிலும், அதாவது கப்பல் மாடியிலும், எது எங்கே என்று காட்டும் வரைபடம்) இதற்கு ஒரு குறி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி குறி மாறும், ஓரத்தில் விளக்கம் பார்க்கவும். பக்கத்து எண் என்றாலே நடுக்கதவு இருக்கும் என்று நினைக்கக்கூடாது. ரெண்டு, பால்கனி கேபின்கள் அடுத்தடுத்து. நடுக்கதவு இல்லாவிட்டாலும் பல கப்பல்களில் பால்கனித் தடுப்பை ஸ்டூவர்ட் திறந்து மடக்கிவிடுவார், நீளமான ஒரே திண்ணையாகிவிடும். எல்லாக் கப்பலிலும் திறக்காது, புக்கிங்கின்போதே கேட்கவேண்டும். மூன்று, நடைபாதைக்கு எதிரெதிராக. பெரியவர்களுக்கு இந்தப் பக்கம் பால்கனி, எதிரே பிள்ளைகளுக்கு உள் கேபின். செலவு குறையும், கடல் காற்றும் கிடைக்கும்.

உங்கள் கொழுந்தனாருக்கு மூன்றாவது வழி தோது. ஒரே ஒரு பால்கனி எடுத்தால் போதும், மாலையில் எல்லாரும் அங்கே கூடலாம்.

நெல்லித்தோப்பு | ஜனவரி 8

எதிரெதிர் நல்ல யோசனைதான், ஆனால் 11ம் 8ம் தனி அறையில் படுப்பதாகப் பெயர் போட முடியாது. ஒவ்வொரு கேபினிலும் வயதுவந்த ஒருவர் இருக்கவேண்டும். அந்த வயது 18 என்றும் 21 என்றும் கம்பெனியையும் புறப்படும் நாட்டையும் பொறுத்து மாறும். பெற்றோர் அடுத்த கேபினில் இருந்தால் சில கம்பெனிகள் விலக்கு கொடுக்கும். அதை எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள்.

இவர்கள் விஷயத்தில் அந்தச் சிக்கலே வராது. மாமியாரும் 11 வயதுப் பேத்தியும் ஒன்று. கேள்வி கேட்ட மஞ்சக்குப்பத்துக்காரர், அவர் வீட்டுக்காரர், 4 வயது ஒன்று. கொழுந்தனார், ஓர்ப்படி, 8 வயது ஒன்று. பாட்டி குறட்டை விடுவாரா என்பதை மட்டும் பேத்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் | ஜனவரி 8, இரவு

கேட்டேன். பாட்டி விடுவார், சித்தப்பா அதைவிட விடுவார் என்று பதில்.

முதுநகர் | ஜனவரி 9

கனெக்டிங் பற்றி ஒரு திருத்தம். நடுக்கதவு இருப்பது எப்போதும் லாபம் இல்லை. சாதாரணச் சுவரில் நடுவே சத்தம் தடுக்கும் அடைப்பு இருக்கும், கதவில் அவ்வளவு இருக்காது. ரெண்டு பக்கமும் உங்கள் ஆட்கள் என்றால் கவலையில்லை. 3 கேபின் வரிசையாக எடுக்கும்போது நடுக்கதவுகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் வரும். உங்கள் மூன்றாவது கேபினின் கதவு முன்பின் தெரியாத குடும்பத்தோடு சேர்ந்திருந்தால் அவர்கள் வீட்டு டிவியும் உங்களுக்கே. பூட்டியிருக்கும், பயம் வேண்டாம், சத்தம்தான் தொல்லை. அந்தக் கதவு வரும் இடத்தில் சோபா வைக்க முடியாமல் சில கனெக்டிங் கேபின்களில் மூன்றாவது படுக்கையே இருக்காது. டெக் பிளானில் கனெக்டிங் குறியையும் மூன்றாவது படுக்கைக் குறியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏறின அன்று கதவு பூட்டியே இருக்கும். ஸ்டூவர்ட்தான் திறந்துவிடுவார்.

வைசியாள் வீதி | ஜனவரி 9

ஒரே பெரிய சூட் கேட்டவருக்குப் பதில் யாருமே சொல்லவில்லை. 8 பேர் தங்கும் சூட் உலகத்தில் இருக்கிறது. 2024இல் ஓட ஆரம்பித்த ராயல் கரீபியன் கம்பெனியின் ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் மூன்று மாடி டவுன்ஹவுஸ், உள்ளேயே சறுக்கு மரம். அந்த விலைக்கு இங்கே மனை பார்க்கலாம். அந்தக் கப்பலில் நடுத்தர வழியும் உண்டு: 6 பேர் தங்கும் குடும்பக் கேபின், பிள்ளைகளுக்குத் தனி மூலையில் பங்க் கட்டில். எம்எஸ்சி கம்பெனியில் ரெண்டு கேபினைச் சேர்த்தே விற்கும் சூப்பர் ஃபேமிலி வகை. டிஸ்னி கப்பல்களில் பல அறைகளில் பாத்ரூம் ரெண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்றில் டாய்லெட்டும் வாஷ்பேசினும், மற்றதில் குளிக்கும் தொட்டியும் இன்னொரு வாஷ்பேசினும். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாம். சிங்கப்பூரை இருப்பிடமாக்கியிருக்கும் டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலைப் பார்ப்பவர்கள் எந்த வகை அறையில் இந்தப் பிரிப்பு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டவும்.

முதுநகர் | ஜனவரி 10

எங்கே எடுப்பது என்பது எத்தனை எடுப்பது என்பதைவிடப் பெரிய விஷயம்.

ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுவில், கீழ் டெக்குகளில். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் மேலும் கீழும் தூக்கிப்போடும், உயரே போகப்போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். வாந்தி வரும் ஆள் யாராவது இருந்தால் பால்கனியை விட்டு நடு, கீழ்.

அப்புறம் தலைக்கு மேல் என்ன, காலுக்குக் கீழ் என்ன என்று பாருங்கள். டெக் பிளானில் மேல் டெக்கையும் கீழ் டெக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். மேலும் கீழும் கேபினே இருந்தால் நிம்மதி. நீச்சல்குள டெக்குக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் கழுவிவிட்டு நாற்காலி இழுப்பார்கள். சமையலறைக்குக் கீழே என்றால் தள்ளுவண்டி உருளும். தியேட்டருக்கும் டான்ஸ் கிளப்புக்கும் மேலே என்றால் நடுராத்திரி வரை தும் தும். மூக்குப் பக்கம் கீழ் டெக்கில் நங்கூரச் சங்கிலி, துறைமுகம் சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறிகளின் அதிர்வு. அது பெரும்பாலும் விடியற்காலையில் வரும்.

டெக் பிளானில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் வெற்றிடம் அல்ல. ஊழியர்களின் சரக்கறை, சலவை மாதிரி ஏதோ ஒன்று அங்கே இருக்கும். அதை ஒட்டிய கேபினும் வேண்டாம்.

நெல்லித்தோப்பு | ஜனவரி 10

மாமியார் கேபின் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், ஒட்டினாற்போல் இருக்கக்கூடாது. நாலைந்து கதவு தள்ளி. 330 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்கள் இவை. கேபின் ஒரு முனையில், சாப்பாட்டு ஹால் மறு முனையில் என்றால் முட்டி வலிக்காரருக்கு ஒரு நாளே போதும்.

வீல்சேர் தேவைப்படும் என்றால் இன்னொரு விஷயம். சாதாரண கேபின் கதவில் சாதாரண வீல்சேர் நுழையாது, பாத்ரூம் வாசலில் நாலு விரல் உயரத்துக்குப் படி வேறு. அகலக் கதவு, படியில்லாத பாத்ரூம், கைப்பிடி உள்ள கேபின்கள் தனியாக உண்டு, எண்ணிக்கை கொஞ்சம்தான். நடக்க முடியும், தூரம்தான் முடியாது என்றால் மடக்கும் வீல்சேரோடு சாதாரண கேபினே போதும். கப்பலில் உள்ள வீல்சேர்களைப் பெரும்பாலும் ஏற்றி இறக்க மட்டும்தான் தருவார்கள், பயணம் முழுக்கக் கேட்டால் கிடைக்காது.

மஞ்சக்குப்பம் | ஜனவரி 11

ஏஜென்ட் இப்போது “கேரண்டி கேபின்” என்று ஒன்று சொல்கிறார், விலை குறைவாம். நம்பலாமா?

நெல்லித்தோப்பு | ஜனவரி 11

வேண்டாம். எந்த வகை என்பதற்கு மட்டும்தான் கேரண்டி, எண்ணை அவர்கள் கடைசியில் கொடுப்பார்கள். உங்களுக்கு 6ஆவது டெக், கொழுந்தனாருக்கு 10ஆவது டெக், மாமியார் மூக்கு நுனியில் என்று வரலாம், அப்புறம் மாற்றமாட்டார்கள். ரெண்டு பேர் மட்டும் போவதென்றால் எடுக்கலாம். விலை குறைவான கடல் பார்த்த கேபின் என்று வந்தால் ஜன்னலுக்கு வெளியே லைஃப்போட் மறைக்கிறதா என்று கேளுங்கள்.

3 புக்கிங்கையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேஜை மூன்று மூலையில் கொடுப்பார்கள்.

பாகூர் | ஜனவரி 12

நடுவில் நுழைகிறேன். புதுச்சேரியிலேயே ஏற முடிந்தால் இந்த விமானச் செலவெல்லாம் எதற்கு? இங்கே சொகுசுக் கப்பல் வருகிறதே.

முதுநகர் | ஜனவரி 12

இங்கே வரும் கப்பல், கோர்டேலியா கம்பெனியின் எம்பிரஸ், சுற்றிப் பார்க்க இறக்கிவிட்டுப் போவது. 2022இல் கேசினோ விவகாரத்தில் அனுமதியே கிடைக்கவில்லை. பிறகு வந்தபோதும் நடுக்கடலில் நின்று, ஆட்களைப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய கப்பல் வந்து கட்ட இங்கே ஆழம் இல்லை. ஏறுவது சென்னைத் துறைமுகத்தில்தான், ஈசிஆரில் 150 கிலோமீட்டர். அதுவும் பெரும்பாலும் தென்மேற்குப் பருவம் அரபிக்கடலைக் கலக்கும் மாதங்களில்தான் இந்தப் பக்கம் வரும்.

அந்தக் கப்பல் 1990இல் கட்டினது, அறைகள் இன்றைய கப்பல்களைவிடச் சின்னவை, பால்கனியும் கொஞ்சம்தான். 4 பேர் ஒரே கேபினில் என்ற யோசனை அங்கே இன்னும் கஷ்டம். முட்டி வலிக்காரர்கள் படகில் இறங்கும் ஊர்களைக் கணக்கில் எடுக்கவும். அலை இருந்தால் படகுக்கும் கப்பலுக்கும் நடுவே கால் எடுத்து வைப்பது சுலபமில்லை.

வைசியாள் வீதி | ஜனவரி 13

பிரான்ஸில் சொந்தம் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. மார்செய்யில் ஏறும் குரூஸில் அங்கிருந்து நாலு பேர், இங்கிருந்து நாலு பேர் என்று சேரும்போது ரெண்டு ஏஜென்ட், ரெண்டு நாட்டில் புக்கிங் ஆகும். கேபின்கள் பக்கத்தில் அமையாததற்கு இதுவே காரணம். ஒரே இடத்தில் எல்லாப் பெயரையும் கொடுத்து புக் செய்யுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும், வழியில் துனிஸ் மாதிரி அந்த நாடுகளுக்கு வெளியே போய்த் திரும்பும் துறைமுகம் இருந்தால் பலமுறை நுழையும் விசா.

பிள்ளைகளின் இந்தியப் பாஸ்போர்ட் 5 வருஷம்தான் செல்லும். பயணத் தேதிக்குப் பிறகும் 6 மாதம் மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருக்கும், அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று கம்பெனியிடம் கேட்டு விமான டிக்கெட்டிலும் அதையே போடுங்கள்.

முதுநகர் | ஜனவரி 14

கேபினுக்குள் எடுத்துப் போவது, போகாதது. சும்மா நினைவுக்கு வந்த வரிசையில்:

சுவரெல்லாம் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி 10 வாங்கிப் போங்கள். தொப்பி, பை, ஈர டவல், பிள்ளைகள் தினமும் கொண்டுவரும் காகிதம் எல்லாம் சுவரில் தொங்கும், கட்டில் காலியாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டி போகும். காலி செய்த பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துத் தள்ளுங்கள்.

பாத்ரூமில் ஷவர் மட்டும்தான், திரையைச் சேர்த்து நின்றால் முழங்கை இடிக்கும். 4 வயதுக் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பிளாஸ்டிக் சொம்பு. அதே சொம்பு மற்றதுக்கும் ஆகும், அங்கே வெறும் பேப்பர்தான்.

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, விளக்கு, கற்பூரம் எதுவும் கூடாது. ஸ்கேனரில் பிடித்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸர்ஜ் காப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டும் கூடாது, பல யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர் எடுத்துப் போகலாம். குழந்தைப் பாலுக்கு வெந்நீர் பஃபேயில் கிடைக்கும். வீட்டில் செய்த புளியோதரையை ஏற்றமாட்டார்கள், சீல் வைத்த பாக்கெட் முறுக்கு பெரும்பாலும் போகும்.

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பகல் பத்து மணிக்கும் அப்படித்தான். பாத்ரூம் கதவை ஒரு விரல் திறந்து விளக்கை விட்டுவையுங்கள், பாட்டி அந்த நாலு விரல் படியில் தடுக்காமல் இருக்க.

நெல்லித்தோப்பு | ஜனவரி 14

பால்கனி எடுக்கும் கேபினில் 4 வயதுக்காரன் இருக்கவேண்டாம். கம்பியில் ஆபத்தில்லை, அமெரிக்கத் துறைமுகங்களில் ஆளேற்றும் கப்பல்களுக்கு 2010இல் வந்த சட்டப்படியே 42 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. நாற்காலியைக் கம்பியோரம் இழுத்துப் போடுவதுதான் ஆபத்து. கொழுந்தனார் கேபினுக்கே பால்கனி இருக்கட்டும், நாற்காலி எப்போதும் சுவரோரம்.

ரெண்டு விஷயம் விட்டுப்போயிற்று. பிள்ளைகள் கிளப்பில் பெரும்பாலும் 3 வயதுக்கு மேல், டயப்பர் விட்டவர்களை மட்டும் சேர்ப்பார்கள். 6 மாதத்துக்குக் கீழ் கைக்குழந்தையைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை, தொடர்ந்து பல நாள் கடலிலேயே ஓடும் பயணம் என்றால் 12 மாதம். பயணம் முடிவதற்குள் 24 வாரம் தொடும் கர்ப்பிணிகளையும் ஏற்றமாட்டார்கள். வேறு யாராவது சேர்ந்துகொள்வதாக இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

முதுநகர் | ஜனவரி 15

பெயர் ஒரு கேபினில், தூங்குவது இன்னொரு கேபினில் என்று ஏறின பிறகு மாற்றிக்கொள்ளலாம், வரவேற்பு மேஜையில் கேட்டால் கூடுதல் சாவி அட்டை தருவார்கள். ஆனால் ஆபத்தில் கூடும் இடம் பட்டியலில் உள்ள கேபின்படிதான். 2012இல் கோஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் கவிழ்ந்த பிறகு விதி மாறி, எல்லாரும் அங்கே கூடிப் பார்க்கும் ஒத்திகை கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடந்தாகவேண்டும். பிள்ளைகளுக்குக் கூடுமிடம் எழுதிய கைப்பட்டை கட்டுவார்கள், நாலு நாளும் கழற்றவிடாதீர்கள். கேபினில் சின்ன லைஃப்ஜாக்கெட் இல்லாவிட்டால் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். 3 கேபினும் ஒரே கூடுமிடத்தில் வருகிறதா என்பதும் பார்க்கவேண்டியது.

மஞ்சக்குப்பம் | ஜனவரி 17

8ஆவது டெக், நடு. ரெண்டு உள் கேபின் கனெக்டிங், நடைபாதைக்கு எதிரே ஒரு பால்கனி. எண் போட்ட தாள் வாங்கியாயிற்று. 9லும் 7லும் கேபின்கள்தான். மாமியார் கேபின் லிஃப்டிலிருந்து 5 கதவு. பேத்தியும் அவரும் உள் கேபின்.

முதுநகர் | ஜனவரி 17

நடுக்கதவு எந்த ரெண்டுக்கு நடுவில்? பாட்டி கேபினுக்கும் உங்கள் கேபினுக்கும்தானே?

மஞ்சக்குப்பம் | ஜனவரி 17

ஆமாம். சித்தப்பா குறட்டை நடைபாதைக்கு அந்தப் பக்கம்.